மலேரியா இல்லை என்று ஒரு நாடு எவ்வாறு நிரூபிப்பது?

2016 செப்டெம்பர் 5 ஆம் திகதி, உலக சுகாதார ஸ்தாபனத்தின் தென்கிழக்காசியப் பிராந்தியக் கூட்டத்தொடர் கொழும்பில் நடைபெற்ற வேளையில், இலங்கை மலேரியா அற்ற நாடெனப் பிரகடனம் செய்யப்பட்டது. அதற்கு ஐம்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், 1963 இல், இந்நாட்டில் ஆண்டு முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர்கள் 17 பேர் மாத்திரமே. அவர்களிலும் 11 பேர் வெளியிலிருந்து நோயைக் கொண்டுவந்தவர்கள். அவ்வாறிருந்தும் அன்று எவரும் நமக்குச் சான்றிதழ் வழங்கவில்லை. வழங்காதது எத்துணை சரியென்பதை அடுத்த ஆறு ஆண்டுகள் காட்டின. 1969 இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியிருந்தது.

ஒரு நாட்டில் ஒரு நோய் இருக்கிறது என்பதை நிரூபிப்பதற்கு ஒரேயொரு நோயாளி போதும். இல்லை என்பதை நிரூபிப்பதற்கு என்ன வேண்டும்? ஒரு மாவட்டத்தில் மலேரியா நோயாளர் எண்ணிக்கை பூச்சியம் எனப் பதிவேடு கூறுமாயின் அதற்கு இரண்டு பொருள்கள் உண்டு. அங்கு நோய் உண்மையாகவே இல்லாதிருக்கலாம். அல்லது காய்ச்சல்காரர்களின் இரத்தத்தை எவரும் பரிசோதிக்காதிருக்கலாம். பதிவேட்டில் இரண்டும் ஒரே பூச்சியமாகவே தோற்றமளிக்கும். மலேரியா அற்ற நாடுகளைச் சான்றுப்படுத்தும் அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு, இவ்விரு பூச்சியங்களையும் வேறுபடுத்தி அறிவதற்கு மேற்கொள்ளப்பட்ட முயற்சியின் வரலாறே எனலாம்.

இம்முயற்சி 1955 இல் மெக்ஸிக்கோ நகரில் கூடிய எட்டாவது உலக சுகாதாரப் பேரவையிலிருந்து தொடங்குகின்றது. மலேரியாவைக் கட்டுப்படுத்துவதோடு நின்றுவிடாது, உலகிலிருந்து அதனை முற்றாக ஒழிப்பது என அப்பேரவை தீர்மானித்தது. அத்துணை துணிச்சலான தீர்மானத்துக்கு ஆதாரமாக எடுத்துக்காட்டப்பட்ட நாடுகளில் அன்றைய இலங்கையும் ஒன்று. வீட்டுச் சுவர்களில் டி.டி.ரி. தெளிக்கப்பட்டதன் பின்னர் இங்கு நோய் வீழ்ச்சியடைந்த வேகம் அக்காலத்து நிபுணர்களை வியப்பில் ஆழ்த்தியிருந்தது. ஆபிரிக்காவின் வெப்பவலயப் பகுதியில் பெரும்பாலானவை இத்திட்டத்தினுள் உள்ளடக்கப்படவில்லை என்பதையும் இங்கு குறிப்பிட வேண்டும். நோய் மிகக் கடுமையாக இருந்த கண்டத்தைப் பெரிதும் புறத்தே விட்டுவிட்டே உலகளாவிய ஒழிப்பு என்ற பெயர் சூட்டப்பட்டது.

ஒழிப்பு என்றொரு இலக்கு வகுக்கப்பட்டதும், அதனை எட்டியவர் யார் எனத் தீர்மானிப்பதற்கு ஓர் அளவுகோலும் தேவையாயிற்று. மூன்று ஆண்டுகள் தொடர்ச்சியாக உள்நாட்டில் தொற்று ஏற்படாதிருத்தல் வேண்டும். அவற்றுள் குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது மருந்துத் தெளிப்பு போன்ற பொது நடவடிக்கைகள் இன்றிக் கழிந்திருத்தல் வேண்டும். அக்காலம் முழுவதும் போதிய கண்காணிப்பு நடைபெற்றிருத்தல் வேண்டும் என நிபுணர் குழு வரையறுத்தது. இம்மூன்றாவது நிபந்தனையே எல்லாவற்றிலும் கடினமானது. மருந்து தெளிப்பதற்குப் பணமும் ஆட்களும் போதும். ஒருவருக்கும் நோய் இல்லாத ஊரில், மாதந்தோறும் வீடுவீடாகச் சென்று காய்ச்சல்காரரின் விரலில் குத்தி இரத்த மாதிரி எடுத்து, நுணுக்குக்காட்டியில் நோக்கி, இல்லை, இல்லை என்று எழுதிக்கொண்டிருப்பதற்கு வேறொரு வகையான பொறுமை வேண்டும். அதற்குப் பணம் ஒதுக்குவதற்கு அரசாங்கங்களுக்கு வேறொரு வகையான அறிவும் வேண்டும்.

1960 இல் மலேரியா ஒழிக்கப்பட்ட பிரதேசங்களுக்கான உத்தியோகபூர்வப் பதிவேடொன்றை ஆரம்பிக்க உலக சுகாதாரப் பேரவை முடிவுசெய்தது. அடுத்த ஆண்டு அதில் முதலாவதாக இடம்பெற்றது வெனிசுவேலா. அர்னோல்டோ கபால்டொன் என்ற மருத்துவரின் தலைமையில், 1945 ஆம் ஆண்டின் இறுதியிலேயே டி.டி.ரி. தெளிப்பைத் தொடங்கிய நாடு அது. ஆயினும் பதிவேட்டில் ஏறியது வெனிசுவேலா முழுவதுமன்று. அதன் வடபகுதி மாத்திரமே. தெற்கிலுள்ள காட்டுப் பிரதேசம் பட்டியலுக்கு வெளியே விடப்பட்டது. இந்த விதிவிலக்கின் விலை என்னவென்பதைப் பின்னர் காண்போம்.

அதன் பின்னர் கிரெனடா, சென். லூசியா போன்ற சிறு தீவுகளும், ஹங்கேரி, ஸ்பெயின், பல்கேரியா, போலந்து, ருமேனியா முதலான ஐரோப்பிய நாடுகளும் தொடர்ந்தன. 1970 இல் இத்தாலி, நெதர்லாந்து, ஐக்கிய அமெரிக்கா ஆகியன சேர்ந்தன. இத்தாலியின் சார்டினியாத் தீவில் கிடைத்த பாடம் தனியே நினைவுகூரத்தக்கது. 1946 முதல் 1950 வரை அத்தீவில் மலேரியாவைப் பரப்பும் நுளம்பினத்தையே பூண்டோடு அழித்துவிடப் பெரும் பொருட்செலவில் முயன்றனர். நுளம்பு அழியவில்லை. ஆனால் மலேரியா மறைந்துவிட்டது. மலேரியா அற்ற நாடு என்பது மலேரியா நுளம்பு அற்ற நாடு அன்று என்பது அன்றே தெளிவாயிற்று. பரப்பும் நுளம்பு இருக்கையில் ஒட்டுண்ணி மாத்திரம் மனித இரத்தத்திலிருந்து அற்றுப்போன நிலையே இதன் பொருள். ஆகவே எங்கிருந்தாவது ஒட்டுண்ணி மீண்டும் வந்து சேருமாயின் மற்றெல்லாம் ஆயத்தமாகவே இருக்கும்.

இனி நம் நாட்டின் கதைக்கு வருவோம். வறண்ட வலயத்தில் மலேரியா பன்னெடுங்காலமாக நிலைகொண்டிருந்த நோய். 1911 இல் குருணாகலில் முதலாவது மலேரியா தடுப்பு நிலையம் அமைக்கப்பட்டது. எனினும் 1934 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தொடங்கிய கொள்ளைநோய் பேரழிவை விளைவித்தது ஈரவலயத்தின் விளிம்பிலேயே. பருவமழை பொய்த்தமையால் களனி கங்கை, மகா ஓயா, தெதுரு ஓயா ஆகியன ஓட்டமிழந்து குட்டைகளாகத் தேங்கின. மணற்படுகையிலுள்ள தெளிந்த குட்டை நீரே அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் என்ற நுளம்புக்கு உகந்த தொட்டில். நோயெதிர்ப்புச் சக்தியற்றிருந்த கேகாலை, குருணாகல் மாவட்டக் கிராமங்களில் மக்கள் கொத்துக்கொத்தாக மடிந்தனர். சில மாதங்களுக்குள் இறந்தோர் தொகை சுமார் 80,000 என மதிப்பிடப்படுகின்றது. சூரியமல் இயக்கத்தைச் சேர்ந்த இளைஞர்கள் மருந்தும் உணவும் சுமந்துகொண்டு கிராமங்களுக்குச் சென்றமையும், அதிலிருந்து இந்நாட்டின் இடதுசாரி இயக்கம் மக்கள் மத்தியில் வேரூன்றியமையும் வரலாறு.

1946 இல் நாடளாவிய டி.டி.ரி. தெளிப்பு ஆரம்பமான ஆண்டில் பதிவான நோயாளர் 27 இலட்சத்துக்கும் அதிகம். பதினேழு ஆண்டுகளில் அத்தொகை 17 ஆகக் குறைந்தது. மலேரியாவின் பிடியிலிருந்து விடுபட்ட வறண்ட வலயக் காடுகள் குடியேற்றத் திட்டங்களுக்குத் திறந்துவிடப்பட்டன. அதன் விளைவாக இந்நாட்டின் குடிசனப் பரம்பலும் அரசியலும் எவ்வாறு மாறின என்பது தனிக் கட்டுரைக்குரிய விடயம்.

1963 உடன் தெளிப்பு கைவிடப்படலாயிற்று. திட்டத்தின் விதிப்படி அது தவறன்று. தெளிப்பை நிறுத்திவிட்டு நோய் மீள்கின்றதா எனக் கண்காணித்து, அதன் பின்னரே சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பிழை நேர்ந்தது தெளிப்பை நிறுத்தியதிலன்று, கண்காணிப்பு தளர்ந்ததில். எலஹெரப் பகுதியில் மாணிக்கக்கல் அகழ்வதற்குக் காட்டுக்குள் பெருந்தொகையாக மக்கள் நுழைந்தனர். அகழ்ந்த குழிகளில் நீர் தேங்கியது. சட்டபூர்வமற்ற தொழிலாதலால் அங்கிருந்தோர் அரசாங்க ஊழியரைக் கண்டு ஒளித்தனர். இரத்த மாதிரி கொடுக்க முன்வரவில்லை. காய்ச்சலோடு அவர்கள் ஊர் திரும்பினர். சேனைப் பயிர்ச்செய்கையாளர்களின் இடப்பெயர்வும் இதனுடன் சேர்ந்தது. 1966 வரை ஆண்டொன்றுக்கு ஐந்நூறைத் தாண்டாதிருந்த எண்ணிக்கை 1967 இல் ஏறத்தாழ 3,500 ஆயிற்று. 1968 இல் அது 4 இலட்சத்து 40 ஆயிரம். 1969 இல் 5 இலட்சத்து 37 ஆயிரம்.

அமெரிக்காவில் டி.டி.ரி.க்கு எதிராக எழுந்த சுற்றாடல் பிரசாரமே இலங்கையில் மலேரியா மீண்டும் பரவக் காரணம் என்றொரு கதை மேலைநாட்டுப் பத்திரிகைகளில் இன்றும் அவ்வப்போது தலைகாட்டுகின்றது. இது உண்மைக்குப் புறம்பானது. தெளிப்பு குறைக்கப்பட்டது நோயாளர் இல்லை என்ற நம்பிக்கையினால். கொள்ளைநோய் தொடங்கியதும் டி.டி.ரி. மீண்டும் தெளிக்கப்பட்டது. ஆனால் அதற்குள் நுளம்பு அந்த மருந்துக்குப் பழகிவிட்டிருந்தது. இறுதியில் மலத்தியன் என்ற மருந்துக்கு மாறவேண்டியதாயிற்று. எழுபதுகளின் பிற்பகுதியிலும் எண்பதுகளிலும் சிறுபராயத்தைக் கழித்தவர்களுக்கு அந்த நெடி மறந்திருக்காது. தெளிப்பு ஊழியர்கள் வரும் நாளில் பாயும் பானையும் முற்றத்துக்கு வந்துவிடும்; இரவு முழுவதும் வீட்டுக்குள் மூச்சுவிட முடியாது. மருந்து அடிக்கவிடாமல் கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே போய்விட்ட வீட்டுக்காரர்களும் இருந்தார்கள். நம் வீட்டிலும் ஒருமுறை அது நடந்தது.

இலங்கையின் வீழ்ச்சி உலகத் திட்டத்தின் வீழ்ச்சிக்குக் கட்டியங் கூறிற்று. 1969 இல் பொஸ்டன் நகரில் கூடிய உலக சுகாதாரப் பேரவை, குறித்த காலத்துக்குள் உலகெங்கும் ஒழிப்பது இயலாதென ஒப்புக்கொண்டு கொள்கையை மாற்றியது. ஏற்கெனவே முடிவை நெருங்கியிருந்த நாடுகள் சில தொடர்ந்து பதிவேட்டில் ஏறின. 1973 இல் கியூபாவும் மொரிஷியஸும், 1981 இல் அவுஸ்திரேலியாவும், 1982 இல் சிங்கப்பூரும், 1987 இல் புரூணையும் சேர்ந்தன. அதன் பின்னர் இருபது ஆண்டுகள் பதிவேடு மூடிக்கிடந்தது என்றே கூறவேண்டும்.

இக்காலத்தில் பதிவேட்டில் ஏறிய இரு நாடுகளுக்கு நேர்ந்ததை எண்ணிப்பார்ப்பது பயனுடையது. தமிழரும் முஸ்லிம்களும் கணிசமாக வாழும் மொரிஷியஸ் தீவு சான்றிதழ் பெற்ற இரண்டாம் ஆண்டில், 1975 பெப்ரவரியில், ஜேர்வேஸ் என்ற சூறாவளிக்கு இலக்காயிற்று. புயல் வீடுகளின் கூரைகளைப் பெயர்த்தது. எங்கும் நீர் தேங்கியது. மீள்நிர்மாணத்துக்கென வெளிநாட்டுத் தொழிலாளர் அழைத்துவரப்பட்டனர். அவர்களுடன் ஒட்டுண்ணியும் வந்தது. பல்லாண்டு உழைப்பினால் ஒழித்த நோய் மீண்டும் குடிகொண்டது. அதனை இரண்டாந் தடவை விரட்டுவதற்கு அத்தீவுக்குத் தொண்ணூறுகளின் பிற்பகுதிவரை சென்றது.

மற்றது, பட்டியலின் முதல் நாடான வெனிசுவேலா. பதிவேட்டுக்கு வெளியே விடப்பட்டிருந்த தென்பகுதியிலுள்ள பொலிவார் மாநிலத்தின் சட்டவிரோதத் தங்கச் சுரங்கங்களில் நோய் பெருகியது. பொருளாதாரம் நொறுங்கியதும் வேலையிழந்தவர்கள் நாடெங்கிலுமிருந்து அச்சுரங்கங்களுக்குச் சென்றனர். காய்ச்சலுடன் ஊர் திரும்பினர். மருந்து இல்லை, பரிசோதனை இல்லை. 2017 இல் அந்நாட்டின் நோயாளர் தொகை 4 இலட்சத்தைத் தாண்டியது. எலஹெரவின் மாணிக்கக் குழிகளையும் பொலிவாரின் தங்கக் குழிகளையும் பல்லாயிரம் மைல்கள் பிரிக்கின்றன. ஆயினும் கதை ஒன்றே. அரசாங்கத்தின் கண்ணுக்குப் படாது வாழ நிர்ப்பந்திக்கப்பட்ட மனிதர்களின் காய்ச்சல், அரசாங்கத்தின் கணக்கிலும் படாது போகின்றது.

புதிய நூற்றாண்டில், 2004 இல், உலக சுகாதார ஸ்தாபனம் சான்றளிக்கும் முறையை மீண்டும் உயிர்ப்பித்தது. 2007 இல் ஐக்கிய அரபு இராச்சியம் சான்றிதழ் பெற்றது. மலேரியா நிலவும் நாடுகளிலிருந்து இலட்சக்கணக்கான தொழிலாளர் ஓயாது வந்திறங்கும் நாடொன்று இதனைச் சாதித்தமை கவனத்துக்குரியது. நோயாளி எந்த நாட்டவர், விசா உள்ளவரா இல்லாதவரா என்று பாராது இரத்தத்தைப் பரிசோதித்து மருந்து கொடுத்தாலன்றி இத்தகைய நாட்டில் பூச்சியத்தைக் காப்பாற்ற முடியாது. அதன் பின்னர் மொரோக்கோ, துருக்மெனிஸ்தான், ஆர்மீனியா ஆகியன வந்தன. நமது பிராந்தியத்தில் முதலாவதாக மாலைதீவு 2015 இல் சான்றிதழ் பெற்றது. இரண்டாவது இலங்கை.

இன்றைய நடைமுறையில் நிரூபிக்கும் பாரம் முழுவதும் நாட்டின் மீதே சுமத்தப்பட்டுள்ளது. உள்ளூர்த் தொற்றுச் சங்கிலி நாடு முழுவதிலும் குறைந்தது தொடர்ச்சியாக மூன்று ஆண்டுகள் அறுபட்டிருப்பதை நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் காட்ட வேண்டும். நீதிமன்றத்தில் குற்றத்தை நிரூபிக்கும் அதே அளவுகோல். ஆனால் இங்கு நிரூபிக்கப்பட வேண்டியது ஒன்றின் இன்மை. அத்துடன் நோய் மீண்டும் வேரூன்றாது தடுக்கும் ஏற்பாடு செயற்படுகின்றது எனவும் காட்ட வேண்டும். நாடு விண்ணப்பித்ததும் சுயாதீன நிபுணர்கள் வருகின்றனர். அவர்கள் அமைச்சின் அறிக்கையை மாத்திரம் வாசிப்பதில்லை. மாவட்ட ஆய்வுகூடங்களுக்கும் கிராம வைத்தியசாலைகளுக்கும் சென்று பதிவேடுகளைப் புரட்டுகின்றனர். கடந்த ஆண்டுகளின் ஒவ்வொரு நோயாளியும் எங்கு தொற்றுக்குள்ளானார், அந்த முடிவுக்கு எவ்வாறு வந்தீர்கள் என்று வினவுகின்றனர். அவர்களது விதப்புரையின் பேரில் இறுதி முடிவை எடுப்பவர் ஸ்தாபனத்தின் பணிப்பாளர் நாயகம்.

பழைய முறையிலிருந்து ஒரு முக்கிய மாற்றம் உண்டு. வெனிசுவேலாவுக்குச் செய்ததுபோல் நாட்டின் ஒரு பகுதிக்குச் சர்வதேசச் சான்றிதழ் இப்போது வழங்கப்படுவதில்லை. முழு நாட்டுக்கும் உண்டு, அல்லது இல்லை. இவ்விதியின் பொருள் நம்மைப் போன்ற நாட்டவருக்கே நன்கு புலப்படும். கொழும்பும் காலியும் சுத்தமாயிருந்து, முல்லைத்தீவின் ஒரு கிராமத்தில் உள்ளூர் நோயாளி ஒருவர் இருப்பாராயின் இலங்கைக்குச் சான்றிதழ் இல்லை. தலைநகரில் மறக்கப்படும் ஊர்களை மறக்க முடியாதவையாக ஆக்கும் விதிகள் உலகில் அதிகமில்லை.

1999 இல் இந்நாட்டில் நோயாளர் 2 இலட்சத்து 64 ஆயிரம் பேர். அவர்களில் பெரும்பகுதியினர் போர் நடைபெற்றுக்கொண்டிருந்த வடக்கு கிழக்கைச் சேர்ந்தவர்கள். இடம்பெயர்வு, மருத்துவர் பற்றாக்குறை, மருந்துப் போக்குவரத்துத் தடைகள் ஆகியவற்றின் நடுவே மலேரியா ஒழியும் என எவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். அவ்வாறிருந்தும் போர்க்காலத்திலேயே அது குறையத் தொடங்கியது. கட்டுப்பாட்டு எல்லைகளின் இருமருங்கிலும் தடுப்பு ஊழியர்கள் பணியாற்றினர். மருந்தூட்டிய நுளம்பு வலைகள் வழங்கப்பட்டன. வைத்தியசாலை இல்லாத இடங்களுக்கு நடமாடும் மலேரியாச் சிகிச்சை நிலையங்கள் சென்றன. மலேரியா தடுப்பு இயக்கத்துக்கு உலகளாவிய நிதியத்தின் உதவி கிடைத்தது. 2008 இல் எண்ணிக்கை ஆயிரத்துக்கும் கீழ் இறங்கியது. 2009 இல் இலட்சக்கணக்கானோர் முகாம்களில் அடைபட்டிருந்தபோது அஞ்சப்பட்டதுபோல் பெரும் பரவல் ஏற்படவில்லை. 2011 இல் உள்ளூர்த் தொற்றாளர் 124 பேர்; 2012 இல் 23 பேர். அவ்வாண்டு ஒக்டோபரில் பதிவானவரே கடைசி உள்ளூர் நோயாளி.

இக்கட்டத்தில் பணியின் தன்மையே மாறிவிடுகின்றது. சான்றிதழுக்கு முந்திய ஆண்டுகளில் வருடமொன்றுக்குப் பத்து இலட்சம் அளவில் இரத்த மாதிரிகள் பரிசோதிக்கப்பட்டன. அகப்பட்டவர்கள் சில பத்துப் பேர். அவர்கள் அனைவரும் வெளிநாட்டிலிருந்து நோயுடன் வந்தவர்கள். கணக்காளரின் கண்ணுக்கு இது வீண்விரயமாகத் தோன்றும். 1963 இலும் அவ்வாறே தோன்றியது.

சான்றிதழின் மை உலர்வதற்குள் வந்த செய்தி மன்னாரிலிருந்து. 2016 டிசெம்பரில், பிரகடனம் நிகழ்ந்து மூன்று மாதங்களில், மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபென்சி என்ற நுளம்பு முதன்முறையாகக் கண்டுபிடிக்கப்பட்டது. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் இனம் இது. பழைய கியூலிசிபேசிஸ் ஆற்றுப்படுகைக் குட்டைகளை நாடியது. இதுவோ கிணற்றிலும் சீமெந்துத் தொட்டியிலும் மேல்நிலை நீர்த்தாங்கியிலும் முட்டையிடும். பின்னர் யாழ்ப்பாண நகரிலும் இது காணப்பட்டது. வீட்டுக்கு வீடு கிணறுள்ள பிரதேசங்களுக்கு இதன் வருகை எத்தகையது என்பதை விளக்கவேண்டியதில்லை. ஆபிரிக்கக் கரையிலுள்ள சிறிய நாடான ஜிபூட்டியில் இதே நுளம்பு 2012 இல் கண்டறியப்பட்டது. அவ்வாண்டு அங்கு பதிவான மலேரியா நோயாளர் 27 பேர். 2020 இல் 73 ஆயிரம்.

நுளம்பு வந்துவிட்டது, இனி ஒட்டுண்ணி வரும் வழிகளைப் பார்ப்போம். தமிழகத்து அகதி முகாம்களிலிருந்து திரும்பியோர், யாத்திரை சென்று வருவோர், ஆபிரிக்க நாடுகளுக்கு இரத்தினக்கல் வாங்கச் செல்லும் வியாபாரிகள், ஐ.நா. அமைதிப் படையில் பணியாற்றியோர் என அந்த வழிகள் பல. 2012 ஆம் ஆண்டளவில், கனடாவுக்குக் கொண்டுசெல்வதாகக் கூறிய ஆட்கடத்தல்காரர்களால் மேற்கு ஆபிரிக்காவில் கைவிடப்பட்ட நூற்றுக்கணக்கான இலங்கையர் திருப்பியனுப்பப்பட்டனர். விமான நிலையத்திலேயே அவர்களில் பலர் பரிசோதிக்கப்பட்டனர். முப்பது பேரளவில் மலேரியாவுடன் வந்திருந்தமை தெரியவந்தது. சட்டவிரோதமாகச் சென்றவர்கள் என்று அவர்களை விசாரணைக்கு மாத்திரம் உட்படுத்திவிட்டு ஊருக்கு அனுப்பியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை எலஹெரவின் வரலாறு அறிந்தோர் ஊகிக்கலாம்.

2018 டிசெம்பரில் மொனராகலை மாவட்டத்தில் அத்தகைய ஒரு சங்கிலியின் முதற்கண்ணி அகப்பட்டது. வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவரின் இரத்தத்திலிருந்த ஒட்டுண்ணியை உள்ளூர் நுளம்பொன்று எடுத்து, நாட்டைவிட்டு எங்கும் செல்லாத இலங்கையர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டிருந்தது. சான்றிதழுக்குப் பின்னர் இந்நாட்டு மண்ணில் ஏற்பட்ட முதலாவது தொற்று அதுவே. உடனடி நடவடிக்கைகளால் பரவல் அவருடன் நிறுத்தப்பட்டது.

இவ்வாறான ஓரிரு தொற்றுகளால் சான்றிதழ் பறிபோவதில்லை. ஒரே இடத்தில், ஒரே வகை ஒட்டுண்ணியால், ஆண்டொன்றுக்குக் குறைந்தது மூன்று உள்ளூர் நோயாளர் என்ற அளவில் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பதிவானாலே நோய் மீளக் குடிகொண்டதாகக் கொள்ளப்படும். 2023 இல் ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா, டெக்சாஸ் முதலிய மாநிலங்களில் இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் உள்ளூர்த் தொற்று ஏற்பட்டபோதும் அந்நாட்டின் நிலை மாறவில்லை. மறுபுறத்தில் மலேசியா, மனிதரிடையே பரவும் நால்வகை ஒட்டுண்ணிகளாலும் 2018 முதல் உள்ளூர்த் தொற்று எதனையும் காணாதிருந்தும் சான்றிதழ் பெற இயலாது நின்றது. குரங்குகளிடமிருந்து நுளம்பு வழியாக மனிதருக்குத் தாவும் ஐந்தாவது வகை ஒட்டுண்ணி அங்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோரைப் பீடித்தமையே காரணம். குரங்கைச் சான்றுப்படுத்த முடியுமா என்ற கேள்வி நிபுணர்களைத் திணறடித்துக்கொண்டிருக்கின்றது.

2021 இல் சீனாவும், 2024 இல் எகிப்தும், 2025 இல் ஜோர்ஜியா, சூரினாம், கிழக்குத் திமோர் ஆகியனவும் சேர்ந்தபோது பட்டியல் 47 நாடுகளும் ஒரு பிரதேசமும் கொண்டதாயிற்று. அதே உலகில் 2023 ஆம் ஆண்டில் மாத்திரம் 263 மில்லியன் பேர் மலேரியாவுக்குள்ளாகி, ஏறத்தாழ 6 இலட்சம் பேர் மாண்டனர் என உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டது. மிகப் பெரும்பாலானோர் ஆபிரிக்கக் குழந்தைகள்.

நமது நாட்டில் இன்று பணியாற்றும் இளம் மருத்துவர்களில் பலர் மலேரியா நோயாளி ஒருவரை நேரில் கண்டதில்லை. காய்ச்சல் என்றதும் டெங்கு நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் நோயாளி மொசாம்பிக்கிலிருந்தோ மடகஸ்காரிலிருந்தோ சென்ற மாதம் திரும்பியவர் என்பது கேட்கப்படாமற் போகுமாயின், பல்சிபாரம் வகை மலேரியா சில நாட்களிலேயே உயிரைப் பறித்துவிடக்கூடும். விவெக்ஸ் வகையோ ஈரலில் மாதக்கணக்கில் உறங்கிக்கிடந்து பின்னர் எழும். பிரைமாகுயின் மாத்திரைகளைப் பதினான்கு நாட்களுக்கு இடைநிறுத்தாமல் உட்கொண்டாலே அது வேரோடு நீங்கும். மலேரியா நிலவும் நாடுகளுக்குச் செல்வோருக்கான தடுப்பு மாத்திரைகளை மலேரியா தடுப்பு இயக்கம் இலவசமாகவே வழங்கிவருகின்றது. பயணத்துக்கு முன்னதாகவே அதனைப் பெற்றுக்கொள்ள வேண்டும். திரும்பிவந்த பின்னர் காய்ச்சல் கண்டால், எந்நாட்டிலிருந்து எப்போது வந்தோம் என்பதை மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல் முதல் நாளிலேயே கூறி, மலேரியாவுக்கான இரத்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும்.